பேருந்து எண்கள் தெரிந்த பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

அக்கா மகனுக்கு அப்போது ஆறு வயது. சென்னை மாநகரப் பேருந்துகளின் தட எண்கள் அவனுக்கு மனப்பாடம். 29சி எங்கே போகும் என்று கேட்டால் பெரம்பூரில் தொடங்கிப் பெசன்ட் நகர் வரை ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவான். நடுவில் குறுக்கிட்டால் மறுபடியும் பெரம்பூரிலிருந்து ஆரம்பிப்பான். மூன்றிலக்கக் கூட்டலை விரல் மடக்காமல் போடுவான். ஆனால் சிறுநீர் வந்தால் சொல்லத் தெரியாது. அடக்கிக்கொண்டு அறை மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பான். அவன் நிற்கும் விதத்தை வைத்துத்தான் அக்கா கண்டுபிடிப்பாள்.

ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்றாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்பதில் வீடு இரண்டாகப் பிரிந்தது. “இவ்வளவு அறிவுள்ள பிள்ளையை ஸ்பெஷல் ஸ்கூல்ல போட்டா, இருக்கறதும் போயிடும்” என்றார் அத்தான். “நாப்பது பிள்ளைங்க நடுவுல விட்டா இவனை யாருடா பாப்பாங்க?” என்றார் அம்மா. இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சித்தி என்ற முறையில் அந்தக் கோடை முழுவதும் நான் அக்காவோடு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினேன். எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் பொதுப்பள்ளி, சிறப்புப்பள்ளி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்ததை, இதே முடிவின் முன்னால் நிற்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

‘கெட்டிக்காரப் பிள்ளை’ என்ற பெயர்

முதலில் இந்தப் பெயரைப் பார்த்துவிட வேண்டும். ஆட்டிசம் இருந்தால் அறிவுத்திறன் குறைவு என்றுதான் நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023-ல் வெளியிட்ட கணக்கில், அறிவுத்திறன் சோதனை விவரம் கிடைத்த எட்டு வயது ஆட்டிசக் குழந்தைகளில் சுமார் 38 சதவீதம் பேருக்குத்தான் அறிவுத்திறன் குறைபாடு இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை. ஆகவே கெட்டிக்கார ஆட்டிசக் குழந்தை அதிசயப் பிறவி அல்ல. நம் தெருவிலும் இருக்கக்கூடிய பிள்ளைதான்.

ஆனால் இந்தப் பிள்ளைகளின் திறன், ஏரித் தண்ணீர் மாதிரி எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. வாசிப்பில் பத்து வயது, உடை மாட்டுவதில் நான்கு வயது, பழகுவதில் மூன்று வயது என்று ஒரே உடம்புக்குள் பல வயதுகள் இருக்கும். செய்தித்தாளை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிற பிள்ளைக்கு, வாசித்ததில் யார் யாரிடம் கோபப்பட்டார் என்பது பிடிபடாமல் போகலாம்.

கண்ணுக்குத் தெரிகிற சிரமம் உள்ள பிள்ளையிடம் ஆசிரியர்கள் பொறுமை காட்டிவிடுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. “கணக்கெல்லாம் போடறான், வரிசையில நிக்கத் தெரியாதா? எல்லாம் திமிர்” என்ற பேச்சை அந்தக் கோடையில் மூன்று இடங்களில் கேட்டோம். இருக்கிற அறிவே, இல்லாத உதவிக்குக் காரணமாகிவிடுகிறது. இரண்டு வகைப் பள்ளிகளையும் ஒப்பிடும்போது நான் இதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்: அவனுக்கு என்ன தெரியும் என்பதையும், அவனுக்கு எது சிரமம் என்பதையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்த இடம் எது?

இரண்டு வகுப்பறைகள்

பொதுப்பள்ளி வகுப்பறைக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி பத்தரை. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அங்கே பெஞ்சுக்கு நாலு பேராக நாற்பதுக்கு மேல் இருந்தார்கள். மின்விசிறி ஒன்று தட்தட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். இடைவேளை மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நொடியில் எழுந்தார்கள். நமக்கு இதெல்லாம் பள்ளிக்கூடத்தின் இயல்பான சத்தம். அக்கா மகனுக்கோ ஒவ்வொரு சத்தமும் ஒரே கனத்தில் வந்து விழும். எதை ஒதுக்குவது, எதைக் கேட்பது என்று பிரிக்க அவன் மூளை ஓயாமல் உழைக்க வேண்டும். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேலே விசிறியைப் பார்த்தபடி நின்றான். “என்ன, ரொம்ப பயந்த சுபாவமா?” என்று கேட்டார் ஆசிரியர்.

சிறப்புப்பள்ளியில் ஆறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் இருந்தார்கள். சுவரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படஅட்டவணை: வட்டமாக உட்காருதல், எழுதுதல், சிற்றுண்டி, ஊஞ்சல், வீடு. முடிந்த வேலையின் படத்தைப் பிள்ளையே உரித்துப் பையில் போட வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்பது கண் முன்னால் இருந்ததால் யாரும் பதறவில்லை. ஓரமாகத் தெரபி அறை, அதில் ஊஞ்சல், மெத்தை, பெரிய ரப்பர் பந்து. அக்கா மகன் நேராக ஊஞ்சலுக்குப் போய்விட்டான். பத்து நிமிடம் ஆடி இறங்கி வந்தவன், தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் புதிய இடத்தில் தானாக உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றே முடிவெடுத்திருந்தால் சிறப்புப்பள்ளிதான். ஆனால் அரை மணி நேரத்தில் அதன் மறுபக்கமும் தெரிந்தது. அவன் கையில் கொடுத்த பயிற்சித்தாளில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்களைப் புள்ளி இணைத்து எழுத வேண்டும். எழுதி முடித்துவிட்டுத் தாளின் பின்பக்கத்தில் 21ஜி, 29சி, 47டி என்று நிரப்ப ஆரம்பித்தான். ஆசிரியர் அன்பானவர். ஆனால் அவரிடம் அதற்கு மேல் கொடுக்கத் தாள் இல்லை. பெரும்பாலான சிறப்புப்பள்ளிகளின் பாடத்திட்டம் அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து அமைந்தது: தன் வேலையைத் தானே செய்தல், காசு எண்ணுதல், கடைக்குப் போய் வருதல், பிறகு தொழிற்பயிற்சி. அவை உயர்ந்த பாடங்கள். எங்கள் பிள்ளைக்கும் வேண்டியவைதான். ஆனால் பேராசையோடு எண்களைத் தின்கிற ஒரு மூளைக்கு அது மட்டும் போதாது. சத்தம் ஒரு பள்ளியில் அவனைத் துரத்தியது என்றால், சலிப்பு மற்றப் பள்ளியில் துரத்தக்கூடும்.

பேச்சும் தோழமையும்

பொதுப்பள்ளியின் பெரிய வரம் மற்றப் பிள்ளைகள். பிள்ளைகளின் பேச்சைப் பிள்ளைகளிடமிருந்துதான் கற்க முடியும். வரிசை, முறை வைத்து விளையாடுதல், விட்டுக்கொடுத்தல், சண்டை, சமாதானம் எல்லாம் அங்கே நாள் முழுவதும் நடக்கிறது. சிறப்புப்பள்ளியில் ஆறு பிள்ளைகளில் மூன்று பேர் பேசாதவர்கள் என்றால், ஆசிரியர் மட்டுமே பேச்சுத்துணை.

ஆனால் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டால் நட்பு தானாக வந்துவிடும் என்பது உண்மையல்ல. பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்று மட்டும் சொல்கிறோமே, மற்றவருக்கும் ஆட்டிசம் உள்ளவரைப் புரிவதில்லையே, புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்றார் அவர். வகுப்பறைக்கு இதைப் பொருத்தினால், நாற்பது பிள்ளைகளுக்கும் யாராவது சொல்லித்தர வேண்டும்: இவன் கண்ணைப் பார்க்காமல் பேசுவான், அது மரியாதைக் குறைவு அல்ல. பின்னாலிருந்து தொட்டால் அலறுவான், முன்னால் வந்து கூப்பிடு. இதைச் சொல்லித்தராத பள்ளியில் அந்தப் பிள்ளை கூட்டத்தின் நடுவே தனியாக இருப்பான். கிண்டலும் அவனைத் தேடி வரும்.

எல்.கே.ஜி.யில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். “கையெழுத்து இப்படி இருந்தா தலையெழுத்தும் இப்படித்தான் இருக்கும்” என்று ஆசிரியர் யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார். நம் எல்லோரிடமும் யாராவது சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைதான். அன்று இரவு அவன் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, முடியை ஒதுக்கி நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றி சிவந்துவிட்டது. எழுத்து எங்கே என்று அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பது பெரிய பயிற்சி கூட அல்ல, ஒரு நாள் பழக்கம். அந்த ஒரு நாளை ஒதுக்கும் பள்ளி, ஒதுக்காத பள்ளி என்ற வித்தியாசம் கட்டணப் பட்டியலில் தெரியாது.

பாடம், தேர்வு, சட்டம்

எதிர்காலப் படிப்பு என்று பார்த்தால் தராசு பொதுப்பள்ளிப் பக்கம் சாய்கிறது. அறிவியல் கூடம், நூலகம், பாடத்துக்கென்று ஆசிரியர், பொதுத்தேர்வு, கல்லூரி என்று வழி நேராகப் போகிறது. சிறப்புப்பள்ளியிலிருந்து போகும் வழியும் அடைபட்டுவிடவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதுகிறவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் பாடம் பாடமாக எழுதித் தேறலாம். ஒரே மாதத்தில் எல்லாத் தாள்களையும் எழுதிக் களைத்துப்போகும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

சட்டம் இரண்டு கதவையும் திறந்தே வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு என்று சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் தேர்ந்தெடுக்கும் சிறப்புப்பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை பெறுகிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றையும் அச்சட்டம் சொல்கிறது. சி.பி.எஸ்.இ. மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது.

கெட்டிக்காரப் பிள்ளையின் பெற்றோர் இங்கேதான் ஒரு தவறு செய்கிறார்கள். “நல்லா படிக்கிறானே, சான்றிதழ் எதுக்கு, பேர் கெட்டுடும்” என்று விட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் கை வலித்துப் பாதித் தாளில் எழுந்து வரும்போது அந்தச் சான்றிதழ் நினைவுக்கு வரும். முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் மதிப்பீடு செய்துகொள்வதால் பிள்ளையின் அறிவு குறைந்துவிடாது. பிள்ளை எங்கே படித்தாலும் அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

வாழ்ந்து காட்டிய இருவர்

இரண்டு வகைப் பள்ளிகளையும் ஒப்பிட நினைப்பவருக்கு டெம்பிள் கிராண்டினின் வாழ்க்கை பெரிய பாடம். 1947-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். மூன்றரை வயது வரை பேசவில்லை. மனநல விடுதியில் விட்டுவிடுங்கள் என்ற ஆலோசனையை மறுத்த தாய், சிறிய பொதுப்பள்ளி ஒன்றில் சேர்த்தார். வகுப்பில் பதினைந்து பேர்கூட இல்லை. ஒழுங்கான கால அட்டவணை இருந்தது. இவளுக்கு எதில் உதவி வேண்டும் என்று மற்றப் பிள்ளைகளிடமும் பேசினார்கள். அங்கே அவர் நன்றாக இருந்தார்.

பிறகு உயர்நிலைக் கல்விக்குப் பெரிய பள்ளி. அதுவும் பொதுப்பள்ளிதான். பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணிக்கு ஓர் அறை, இடைவிடாத கிண்டல். பதினான்கு வயதில், தன்னைக் கேலி செய்த மாணவிமீது புத்தகத்தை எறிந்ததற்காக வெளியேற்றப்பட்டார். அடுத்துப் போனது நியூ ஹாம்ப்ஷயரில், அறிவிருந்தும் மற்றப் பள்ளிகளில் பொருந்தாத பிள்ளைகளுக்கான உண்டுறைப் பள்ளி. அங்கே குதிரை லாயம் இருந்தது. முதலில் பாடத்தைவிட லாயத்தில்தான் அவர் பொழுது போனது. குதிரைமீது ஏறியபோது கிண்டல் இல்லை, ஒரே விருப்பம் உள்ள தோழிகள் இருந்தார்கள். பிறகு வில்லியம் கார்லாக் என்ற அறிவியல் ஆசிரியர் அவருடைய விநோதமான ஆர்வங்களைக் கண்டிக்காமல், அவற்றையே பிடித்துக்கொண்டு பாடத்துக்குள் இழுத்துவந்தார். 1989-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விலங்கு அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, கால்நடைகளைப் பதறவிடாமல் நடத்தும் முறைகளை வகுத்தவர் அவர்.

ஒரே பெண், மூன்று பள்ளிகள். ஒரு பொதுப்பள்ளி அவரை வளர்த்தது, இன்னொரு பொதுப்பள்ளி வெளியேற்றியது, ஒரு தனிப்பள்ளி மீட்டது.

இன்னொருவர் டொனால்ட் ட்ரிப்லெட். 1943-ல் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் முதல் பிள்ளை. மிசிசிப்பியின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். நான்கு வயது நெருங்கும்போது அவரை ஓர் இல்லத்தில் விட்டார்கள். ஓராண்டில் பெற்றோர் திரும்ப அழைத்துவந்தார்கள். பிறகு ஒரு விவசாயத் தம்பதியிடம் வளர்ந்தார். பையனுக்கு அளப்பதில் பித்து என்று கண்ட அவர்கள், கிணறு தோண்டி ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். எண்ணுவதில் பித்து என்று கண்டு, சோளக்கொல்லையை உழும்போது வரிசைகளை எண்ணச் சொன்னார்கள். அருகிலிருந்த நாட்டுப்புறப் பள்ளி அவருடைய விசித்திரங்களை அப்படியே ஏற்றுக்கொண்டது. பிறகு கல்லூரி முடித்து ஊர் வங்கியில் வேலை பார்த்து, 2023-ல் 89 வயதில் மறைந்தார். அதே கட்டுரையின் மற்றப் பிள்ளைகளை 1971-ல் திரும்பிப் பார்த்த கானர், அரசு மனநல விடுதிகளில் விடப்பட்டவர்கள் தங்களிடமிருந்த திறனையும் இழந்துவிட்டதைப் பதிவு செய்தார்.

பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தது என்பது இந்த இரண்டு வாழ்க்கையிலும் முடிவைத் தீர்மானிக்கவில்லை. கூட்டம் சிறியதா, அன்றாடம் ஒழுங்காக இருந்ததா, பிள்ளையின் பித்தைக் குற்றமாகப் பார்க்காமல் பிடிமானமாகப் பார்க்க ஒருவராவது இருந்தாரா என்பவைதான் தீர்மானித்தன.

எப்படி முடிவெடுப்பது?

இரண்டையும் எடைபோட்டபின் எனக்குக் கிடைத்த விடை இது: என்ன படிப்பது என்பதை அவன் அறிவு தீர்மானிக்கட்டும், எங்கே உட்காருவது என்பதை அவன் சிரமம் தீர்மானிக்கட்டும். நாம் தலைகீழாகச் செய்கிறோம். அறிவைப் பார்த்துப் பொதுப்பள்ளியில் சேர்க்கிறோம், சிரமத்தைப் பார்த்துப் பாடத்தைக் குறைக்கிறோம்.

பொதுப்பள்ளிக்குப் போகும் முன் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். தேவையைச் சொல்லாலோ படத்தாலோ சைகையாலோ பிள்ளை தெரிவிக்கிறதா? கூட்டமும் சத்தமும் மிஞ்சும்போது பத்து நிமிடம் ஒதுங்கி இருக்கப் பள்ளியில் ஓர் இடம் உண்டா? அவனுக்குப் பொறுப்பான ஒரே ஓர் ஆசிரியரைப் பள்ளி காட்டுகிறதா? மூன்றுக்கும் விடை இல்லையென்றால், கணக்கில் நூறு வாங்கினாலும் அந்தப் பள்ளி இந்த ஆண்டுக்கு வேண்டாம். வகுப்பில் பிள்ளையோடு கூடவே இருந்து உதவும் ஷேடோ டீச்சரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லும் பள்ளி, பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு பொறுப்பை வாசலிலேயே விட்டுவிடுகிறது.

சிறப்புப்பள்ளிக்குப் போகும் முன்னும் கேளுங்கள். வகுப்பு நிலைக்கு மேலே படிக்கும் பிள்ளைக்கு இங்கே யார் பாடம் சொல்லித்தருவார்? ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளோடு வாரத்தில் எத்தனை மணி நேரம்? எப்போது பொதுப்பள்ளிக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லும் சிறப்புப்பள்ளி நல்ல பள்ளி.

எந்த முடிவும் ஓராண்டுக்குத்தான். ஆறு வயதில் சரியாக இருந்தது பன்னிரண்டில் பொருந்தாமல் போகலாம். ஐந்தாம் வகுப்புவரை ஓர் ஆசிரியரிடம் இருந்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் ஆறு ஆசிரியர்கள் வரும்போது, நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டி திடீரென்று நிற்கும். அப்போது இடம் மாற்றுவது தோல்வி அல்ல. ஒவ்வொரு கோடையிலும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். பிள்ளை பெரிதான பிறகு அவனையும் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

அக்கா கடைசியில் அந்தச் சிறப்புப்பள்ளியில் ஓராண்டு சேர்த்தாள். எண்களை வீட்டில் நான் பார்த்துக்கொண்டேன். மறு ஆண்டு வகுப்புக்கு இருபது பேர் உள்ள ஒரு சிறிய பொதுப்பள்ளியைக் கண்டுபிடித்தோம். மற்றப் பள்ளிகள் அவனிடம் “ஏ, பி, சி, டி சொல்லு” என்று கேட்டன. இந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அவனை விட்டுவிட்டு அக்காவிடம் கேட்டார்: “அவனுக்கு எதும்மா கஷ்டம்?” அக்கா பதில் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அழுதுவிட்டாள். மூன்று ஆண்டுகளில் முதல் தடவையாக அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டிருந்தார்.

இரண்டாம் வாரம் அவன் வகுப்பு ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். கணக்கு வகுப்பின் நடுவே அவன் எழுந்து வந்து, சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அவர் மேஜைமீது வைத்திருக்கிறான். குழாயும் வாளியும் வரைந்த அட்டை. சிறப்புப்பள்ளியில் ஓராண்டு முழுக்கச் சொல்லிக்கொடுத்தது. “போய்ட்டு வாப்பா” என்றாராம். போய்விட்டு வந்து, அட்டையைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைப் போட்டானாம்.